கத்தும் சக்கரம் அடங்கிய கதை

கெடா மாநிலத்தின் கூலிம் ஹைடெக் பூங்கா 1996ஆம் ஆண்டு அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது. நாட்டின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா என்ற பெருமை அதற்கு உண்டு. கணினிச் சில்லு செய்யும் ஆலைகள் அங்கே அணிவகுத்து நிற்கின்றன. சில்லு ஆலைக்குள் தூசு கூடாது, அதிர்வும் கூடாது. தரை ஒரு மயிரிழை நடுங்கினாலும் வேலை கெட்டுப் போகும்.

அந்தப் பூங்காவிலிருந்து சற்றுத் தூரம் போனால் லூனாஸ், பாடாங் செராய் வட்டாரம். அங்கே ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால் வேறொரு ஆலையைப் பற்றிச் சொல்வார்கள். பால் எடை போட்டு, காடி ஊற்றி, உறைந்த பாலை உருளைகளுக்கு இடையில் விட்டு ஷீட் அடித்த தோட்டத்து ஸ்டோர்தான் அது. உருளைகளின் ஓரத்தில் மூடியில்லாத இரும்புப் பற்சக்கரங்கள் கடகடவென்று ஓடும். பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமானால் கத்த வேண்டும். அந்தச் சத்தத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றவர்கள் வீட்டுக்கு வந்தும் கத்தியே பேசினார்கள். காது மந்தம் என்று ஊரார் சொன்னார்கள். மந்தமாக்கியது எது என்று யாரும் கேட்கவில்லை.

பற்சக்கரம் ஏன் கத்துகிறது? அதை அடக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை காண மனிதனுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் பிடித்தன.

கையால் சுற்றிய காலம்

1901ஆம் ஆண்டு, கிரேக்க நாட்டின் அன்டிகித்தேரா தீவுக்கு அருகில் மூழ்கிக் கிடந்த பழங்காலக் கப்பலிலிருந்து ஒரு வெண்கலக் கருவி எடுக்கப்பட்டது. சூரியன், சந்திரன் ஆகியவற்றின் நகர்வைக் கணக்கிட்டுக் காட்டும் பொறி அது. அதில் குறைந்தது 30 பற்சக்கரங்கள் எஞ்சியிருக்கின்றன. பற்கள் யாவும் எளிய முக்கோண வடிவில் அரத்தால் அராவப்பட்டவை. கையால் மெல்லச் சுற்றும் கருவி என்பதால் பல்லின் வடிவம் பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவை எழவில்லை.

இந்தியாவிலும் பழமையான ஒரு பற்சக்கர மரபு இருந்தது. பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் மர உருளைப் பொறியில், இரண்டு உருளைகளின் முனையிலும் திருகு போல் சுற்றிச் செல்லும் பற்களைச் செதுக்கினார்கள். ஒன்றைச் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றும். கரும்பு பிழியும் மர ஆலையிலும் இதே அமைப்பு இருந்தது. இந்தத் திருகுப் பல்லில் ஒரு பல் தொடுவதற்கும் அடுத்தது தொடுவதற்கும் இடையே வெட்டு இல்லை. தொடும் இடம் வழுக்கிக்கொண்டே போகும். சத்தம் குறைந்த பற்சக்கரத்துக்கான ஒரு வழி அந்த மரப் பொறியிலேயே இருந்தது.

ஐரோப்பாவில் நீராலும் காற்றாலும் ஓடும் மாவரைக்கும் ஆலைகள் பெருகியபோது சத்தம் ஒரு தொல்லையாக வந்து சேர்ந்தது. இரும்பும் இரும்பும் மோதினால் காது கிழியும். அதற்கு ஆலைத் தச்சர்கள் ஒரு வழி செய்தார்கள். ஒரு சக்கரத்தை இரும்பில் வார்த்து, அதன் விளிம்பில் துளைகள் விட்டு, வைரம் பாய்ந்த மரத்தில் பற்களைச் செதுக்கிப் பதித்தார்கள். அதோடு சேரும் சக்கரம் முழுவதும் இரும்பு. மரமும் இரும்பும் தொடும்போது சத்தம் தணிந்தது. ஒரு பல் உடைந்தால் அதை மட்டும் பிடுங்கி வேறு பல் வைக்கலாம். பொய்ப்பல் கட்டுவது போலத்தான்.

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் மற்றொரு வழி கண்டார். மெல்லிய பற்சக்கரத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றையும் சிறிது தள்ளித் தள்ளி வைத்தார். ஒரு தகட்டின் பல் விலகும் முன் அடுத்த தகட்டின் பல் பிடித்துக்கொள்ளும். தகடுகளை எண்ணற்றவையாக நினைத்துப் பார்த்தால் பல் சாய்ந்த கோடாகிவிடும். இன்று பெரும்பாலான கார்களின் கியர் பெட்டியில் இருக்கும் சாய்ந்த பல் இந்த எண்ணத்தின் வழி வந்ததுதான்.

நூல் வரைந்த வளைவு

பல்லின் பக்கம் எப்படி வளைந்திருக்க வேண்டும் என்ற கேள்வி அடுத்து வந்தது. ஓட்டும் சக்கரம் ஒரே வேகத்தில் சுற்றினாலும், பல்லின் வடிவம் தவறாக இருந்தால் ஓடும் சக்கரம் விட்டுவிட்டு வேகமாகவும் மெதுவாகவும் சுற்றும். அந்தத் தடுமாற்றம்தான் அதிர்வாகவும் சத்தமாகவும் வெளிவருகிறது.

சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை லியோனார்ட் ஆய்லர், 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இதற்கு ஒரு வளைவைப் பரிந்துரைத்தார். ஒரு டின்னைச் சுற்றி நூல் கட்டி, நூலின் நுனியில் பென்சிலை முடிந்து, நூலை இறுக்கமாகப் பிடித்தபடி அவிழ்த்துக்கொண்டே வந்தால் பென்சில் ஒரு வளைவை வரையும். அதற்கு இன்வலூட் என்று பெயர். பல்லின் பக்கங்கள் அந்த வளைவில் இருந்தால் இரண்டு சக்கரங்களும் சீரான வேகத்தில் சுற்றும்.

இந்த வளைவுக்கு இன்னொரு பெருங்குணமும் உண்டு. இரண்டு சக்கரங்களின் நடுமையங்கள் கொஞ்சம் விலகிப் போனாலும் வேக விகிதம் மாறாது. தோட்டத்து ஷீட் மெசினை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். பாலின் தடிப்புக்கு ஏற்ப உருளைகளின் இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். உருளை விலகினால் அதன் முனையில் இருக்கும் பற்சக்கரமும் விலகும். அப்படி விலகியும் உருளைகள் ஒத்த வேகத்தில் சுற்ற வேண்டும். அதற்காகவே அந்தச் சக்கரங்களுக்குப் பற்களை நீளமாக வைத்தார்கள். ஆனால் விலகும்போது பற்களுக்கு இடையே இடைவெளியும் கூடும். பல் முன்னும் பின்னும் அடித்துக்கொள்ளும். ஸ்டோரில் கேட்ட கடகட சத்தத்தில் ஒரு பங்கு அது.

ஒட்டுப்பாலை அரைத்துக் கிரேப் ரப்பர் எடுக்கும் மெசினில் வேறு கதை. அங்கே இரண்டு உருளைகளும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வேண்டும். அப்போதுதான் ரப்பர் கிழிந்து, அழுக்குக் கழன்று வரும். ஒரு சக்கரத்துக்குப் பல் கூடுதல், மற்றதற்குக் குறைவு. கெட்டியான ரப்பர் உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் பற்களின்மேல் பெரும் பளு இறங்கும்.

சரியான பல்லும் கத்தியது

வளைவு தெரிந்துவிட்டது, இனிச் சத்தம் இருக்காது என்று பொறியியலாளர்கள் நம்பினார்கள். நம்பிக்கை நீடிக்கவில்லை.

முதல் இடைஞ்சல் பல் வெட்டும் இயந்திரத்திலேயே இருந்தது. நீராவிச் சுழலியைக் கண்டுபிடித்த சார்ல்ஸ் பார்சன்ஸ், 1909-10ஆம் ஆண்டுகளில் 'வெஸ்பேசியன்' என்ற பழைய சரக்குக் கப்பலில் சுழலியையும் பற்சக்கரத்தையும் இணைத்து ஓட்டிக் காட்டினார். சுழலி மிக வேகமாகச் சுற்றும். கப்பலின் விசிறி மெதுவாகச் சுற்ற வேண்டும். நடுவில் பற்சக்கரம் இல்லாமல் முடியாது. ஆனால் வெட்டும் இயந்திரத்தின் தாய்ச் சக்கரத்தில் இருந்த சிறு பிழை, வெட்டப்பட்ட ஒவ்வொரு சக்கரத்திலும் அதே இடத்தில் அச்சாகப் பதிந்தது. அந்தப் பிழை சுற்றுக்குச் சுற்று ஒரே தாளத்தில் அதிர்ந்தது. 1912ஆம் ஆண்டு வாக்கில் பார்சன்ஸ் வெட்டும் மேடை மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும்படி மாற்றி அமைத்தார். பிழை ஓரிடத்தில் குவியாமல் சக்கரம் முழுக்கப் பரவியது. சத்தம் பெரிதும் குறைந்தது.

அதே காலத்தில் பிரான்சின் அந்திரே சித்ரோயன், இரண்டு சாய்ந்த பற்கள் எதிரெதிராகச் சந்திக்கும் மீன்முள் வடிவப் பற்சக்கரங்களைச் செய்து விற்றார். பிறகு 1919இல் கார் செய்யத் தொடங்கினார். இன்றும் சித்ரோயன் காரின் முகப்பில் காணப்படும் கவிழ்த்த இரட்டை 'வி' குறி அந்தப் பற்களின் நினைவுதான்.

வெட்டுவதில் பிழை குறைந்தது, வளைவும் துல்லியமானது. ஆயினும் பளு ஏறியதும் சக்கரம் கத்தியது. காரணம் என்ன?

இரும்பும் வளையும் என்பதுதான் காரணம். பல்லின்மேல் பளு இறங்கும்போது அது ஒரு மயிரிழைக்கும் குறைவாகப் பின்னால் சாய்கிறது. சாதாரணப் பற்சக்கரத்தில் ஒரு நேரம் ஒரு ஜோடிப் பற்கள் பளுவைத் தாங்கும், மறுநேரம் இரண்டு ஜோடிகள் தாங்கும். தாங்கும் ஜோடி வளைந்து கொடுப்பதால் ஓடும் சக்கரம் சற்றுப் பின்தங்குகிறது. அடுத்து வரும் பல் தான் தொட வேண்டிய நேரத்துக்கு முன்பே தொட்டுவிடுகிறது. தொடுவதும் மென்மையாக இல்லை. நுனி போய் இடிக்கிறது.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் சாமி தூக்குபவர்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாரத்தில் தண்டு தாழ்ந்து வருகிறது. தோள் மாற்ற வருபவர் விறைப்பாக நிமிர்ந்து நின்றால் தண்டு அவர் தோளில் இடிக்கும், சாமியும் குலுங்கும். பழகியவர் என்ன செய்வார்? முழங்காலை மெல்ல மடக்கி, தாழ்ந்து உள்ளே நுழைந்து, தோளைக் கொடுத்துச் சிறிது சிறிதாகப் பாரத்தை ஏற்பார். அம்மன் ஆடாமல் அசையாமல் போவாள்.

பல்லுக்கும் அதே பணிவு வேண்டும் என்று கணக்கோடு காட்டியவர் வாக்கர் என்ற பொறியாளர். 1938ஆம் ஆண்டு லண்டனில் வெளிவந்த 'தி என்ஜினியர்' இதழில் அவருடைய கட்டுரை வந்தது. பளுவில் பல் எவ்வளவு வளையும் என்று கணக்கிட்டு, அந்த அளவுக்குப் பல்லின் நுனியை முன்கூட்டியே சீவிவிட வேண்டும் என்றார். சீவும் அளவு பெரும்பாலும் 10 முதல் 30 மைக்ரோன்தான். தலைமுடியின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன்.

இதன் பொருளை ஊன்றிக் கவனிக்க வேண்டும். சும்மா இருக்கும்போது பல் சரியான வளைவிலிருந்து வேண்டுமென்றே விலகி இருக்கிறது. பளு ஏறி வளைந்ததும் சரியான வடிவத்துக்கு வந்து சேர்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் குறையற்ற பல்லைத் தேடியவர்களுக்கு, அளவறிந்து வைத்த குறை அமைதியைக் கொடுத்தது.

எந்தப் பளுவுக்கு?

1958ஆம் ஆண்டு ஹாரிஸ் என்ற ஆய்வாளர் இங்கிலாந்தில் அடுத்த படியைக் காட்டினார். ஓட்டும் சக்கரம் சீராகச் சுற்றும்போது ஓடும் சக்கரம் இருக்க வேண்டிய இடம் ஒன்று, உண்மையில் இருக்கும் இடம் ஒன்று. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சில மைக்ரோன்தான். ஆனால் அது ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதுதான் அதிர்வின் வேர் என்று நிறுவினார். அந்த அதிர்வு தண்டுக்குப் போகும், பேரிங்குக்குப் போகும், அங்கிருந்து கியர் பெட்டியின் சுவருக்குப் போகும். பெட்டி தவிலைப் போல முழங்கும். காதில் விழுவது பெட்டியின் குரல், தட்டுவது பல்.

இங்கே ஒரு சிக்கலும் வெளிப்பட்டது. முழுப் பளுவுக்கென்று நுனியைச் சீவிய பல், குறைந்த பளுவில் போதிய அளவு வளையாது. அப்போது சீவிய இடமே பிழையாகிச் சத்தம் போடும். குறைந்த பளுவுக்குச் சீவினால் முழுப் பளுவில் இடிக்கும். எல்லாப் பளுவுக்கும் அமைதியாக இருக்கும் நேர்ப்பல் என்று ஒன்று கிடையாது. ஆகவே வடிவமைப்பாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தச் சக்கரம் பெரும்பாலான நேரம் எந்தப் பளுவில் ஓடும் என்பதே. செம்பனை ஆலையில் எண்ணெய் பிழியும் இயந்திரம் மணிக்கணக்கில் ஏறக்குறைய ஒரே பளுவில் ஓடுகிறது. காரோ மேட்டில் ஒரு பளு, சமதரையில் ஒரு பளு. இரண்டுக்கும் ஒரே பல் பொருந்தாது.

பளு ஏறினால் தண்டும் சாயும். சாய்ந்தால் பல்லின் முழு அகலமும் தொடாமல் ஓரம் மட்டும் தொடும். அதற்காகப் பல்லின் நீளவாக்கில் நடுப்பகுதியை மிருதங்கத்தின் வயிற்றைப் போல மிக மிகச் சிறிய அளவில் புடைக்க விடுகிறார்கள். தொடும் இடம் நடுவிலேயே நிற்கும். சாய்ந்த பல்லில் எந்த நேரமும் இரண்டு, மூன்று ஜோடிகள் பளுவைப் பகிர்ந்துகொள்வதால் ஏற்ற இறக்கம் குறைவு. ஆனால் சாய்ந்த பல் தண்டைப் பக்கவாட்டில் தள்ளும். அதைத் தாங்கத் தகுந்த பேரிங் வேண்டும். ஒரு நன்மைக்கு ஒரு விலை.

கிரீஸ் தடவினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். கிரீஸ் தேய்மானத்தைக் குறைக்கும், சூட்டைக் குறைக்கும். பல் வளைவதை அது தடுக்காது.

இந்தக் கணக்குகள் தமிழருக்குப் புதியவை அல்ல. கோயம்புத்தூரின் சாந்தி கியர்ஸ் நிறுவனம் 1970களிலிருந்து தொழிற்சாலைகளுக்கான பற்சக்கரங்களையும் கியர் பெட்டிகளையும் செய்து வருகிறது. 2012ஆம் ஆண்டு அது முருகப்பா குழுமத்தின் கைக்கு வந்தது. 1900ஆம் ஆண்டு பர்மாவில் வட்டித் தொழிலாகத் தொடங்கி, மலாயாவுக்கும் பரவிய நகரத்தார் குடும்பத்தின் குழுமம் அது.

மறைந்திருந்த குரல்

இனிக் கூலிமுக்குத் திரும்பலாம். 2006ஆம் ஆண்டு முதல் ஹைடெக் பூங்காவில் இயங்கி வரும் ஜெர்மனியின் இன்ஃபினியோன் நிறுவனம், 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் அங்கே சிலிக்கன் கார்பைட் சில்லுகளுக்கான பெரிய ஆலையின் முதல் கட்டத்தைத் திறந்தது. இவ்வகைச் சில்லுகள் மின்சாரக் கார்களின் மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுப்பவை.

பெட்ரோல் காரில் என்ஜின் சத்தம் மற்றச் சத்தங்களை மூடி மறைத்துவிடும். மின்சாரக் காரில் அந்தத் திரை இல்லை. அதுவரை கேட்காத கியரின் கீச்சுக் குரல் வெளியே வந்துவிட்டது. கணக்கும் எளிது. 20 பல் சக்கரம் நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றினால் வினாடிக்கு 25 சுற்று, 500 பல் சந்திப்பு. மின்சார மோட்டார் நிமிடத்துக்கு 12,000 முறை சுற்றி, அதில் 25 பல் இருந்தால் வினாடிக்கு 5,000 சந்திப்பு. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது வினாடிக்கு 2,000 முதல் 5,000 அதிர்வு வரை. காதின் கூர்மையான இடத்திலேயே போய்க் குத்துகிறது இந்தக் குரல். அதனால் கார் நிறுவனங்கள் பல்லைச் சீவும் கலைக்கு முன்பைவிட அதிகம் செலவிடுகின்றன. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பற்சக்கரத்துக்கென்றே தனி ஆய்வகம் இருக்கிறது.

காரில் போகிறவரின் சொகுசுக்காக இத்தனை முயற்சி. ஆலையில் எட்டு மணி நேரம் நிற்கும் தொழிலாளியின் காதுக்கு?

உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய முடி அணுக்கள் உண்டு. பேரொலியில் அவை சாகும். செத்தது மீண்டும் முளைப்பதில்லை. முதலில் பழுதாவது வினாடிக்கு 4,000 அதிர்வு உள்ள ஒலிகளைக் கேட்கும் இடம். பேச்சின் குரல் கேட்கும், சொல் விளங்காது. பேரப் பிள்ளை பேசுவது புரியாமல் தலையை மட்டும் ஆட்டும் தாத்தாக்கள் நம் தோட்டங்களில் குறைவா?

மலேசியாவில் 1989ஆம் ஆண்டின் விதிமுறைகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதித்தன. 2019 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய விதிமுறைகள் அதை 85 டெசிபலாகக் குறைத்தன. ஐந்து டெசிபல்தானே என்று எண்ணக் கூடாது. காதுக்குள் போகும் ஒலி ஆற்றல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. எல்லையைத் தாண்டிய சத்தத்தில் வேலை செய்பவருக்கு ஆண்டுதோறும் செவிப் பரிசோதனை செய்ய வேண்டியது முதலாளியின் கடமை. வேலையால் வந்த செவிட்டுத்தன்மை சொக்சோ பாதுகாப்புக்கு உட்பட்ட நோய். ஆனாலும் அண்மைய ஆண்டுகளில் பதிவாகும் தொழில்சார் நோய்களில் மிகப் பெரும் பங்கு இந்தச் செவிக் கோளாறுதான்.

பல ஆலைகளில் முதலில் நீட்டப்படுவது காதடைப்பான். அது கடைசிக் காவல். முதல் காவல் சத்தம் பிறக்கும் இடத்தில் இருக்க வேண்டும். தேய்ந்த பல்லை மாற்றுவது, தண்டை நேராக்குவது, பளுவுக்கேற்ற பல்லைக் கேட்டு வாங்குவது, திறந்த சக்கரத்துக்குப் பெட்டி போடுவது ஆகிய யாவும் காதடைப்பானுக்கு முன்னால் வர வேண்டியவை. 1938லேயே வழி தெரிந்த ஒன்றுக்கு இன்னும் தொழிலாளி தன் காதை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை.

அந்த வழியைத் தெரிந்து பேச ஆட்கள் வேண்டும். கூலிமிலேயே துவாங்கு சுல்தானா பாஹியா போலிடெக்னிக் இருக்கிறது. செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. மைக்ரோனை அளக்கவும், அதிர்வைப் படிக்கவும், பல்லின் பளுவைக் கணக்கிடவும் கற்றுக்கொள்ளும் பிள்ளை, இயந்திரத்தின் முன்னால் வெறும் ஆளாக நிற்க மாட்டான். சக்கரம் கத்தினால் காதைப் பொத்திக்கொள்ளாமல், எந்தப் பல், எந்தப் பளுவில் என்று கேட்பான். ஸ்டோரில் நின்று காதைத் தொலைத்த தாத்தாவும் பாட்டியும் கேட்காமல் விட்ட கேள்வி அது.